சட்டைக்கு வாங்கிய சாராயம்

என்னோடு சுரங்க லைனில் வளர்ந்த பெண்களே, உங்களில் எத்தனை பேர் இன்னும் கண்ணாடி இல்லாமல் படிக்கிறீர்களோ தெரியாது. எனக்கு முடியவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை. நாலு வரி எழுதினால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். யாரும் வரவில்லை, யாரும் வரப்போவதும் இல்லை. திரும்பி வந்து உட்காருகிறேன். இந்தப் பழக்கம் எட்டு வயதில் ஒரு கோடையில் வந்தது. போன மாதம் நம்மில் ஒருத்தியின் வீட்டுத் துக்கத்தில் கூடியிருந்தோமே, அங்கே "அந்தக் காலத்து ஆம்பளைங்க மாதிரி வருமா" என்று பேச்சு வந்தது. நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அது என்னைப் பிடுங்கித் தின்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மின்சார விளக்கு வராத காலம் அது. தங்கச் சுரங்கத்தின் பாய்லர்கள் விறகில் ஓடின. விறகு யார்டில் கட்டுச் சுமந்த பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. நம் வீடுகள் உங்களுக்கு நினைவிருக்கும், ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாக, மூங்கில் தட்டிக்கு மேல் மண் பூசியவை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "ஆயுசு நூறு" என்பார்கள். ரகசியம் என்று ஒன்றை வைத்துக்கொள்ள இடமே கிடையாது. அப்படிப்பட்ட லைனில் என் அம்மா ஒரு ரகசியத்தை இரண்டு மாதம் காப்பாற்றினாள். அதை உடைத்தவள் நான்.

நைனா, என் அப்பா, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். உள்ளே பாறையில் துளை போடும் வேலை. ஒருவர் இரும்பு ஆணியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். நைனா பிடிக்கிறவர். அடிக்கிறவர் அவருடைய கூட்டாளி, குடியாத்தம் பக்கத்து ஊரிலிருந்து அவரோடு நடந்தே வந்தவர். உள்ளே வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்திதான். ஈரக் களிமண்ணை உருண்டையாக உருட்டி, தொப்பியிலோ பாறையிலோ அப்பி, அதில் வர்த்தியைக் குத்திக்கொள்வார்கள். ஏரிக்கரைக் களிமண்ணை எடுத்து, கல் பொறுக்கி, பிசைந்து, ஈரத்துணியில் சுற்றித் தருவது என் வேலை. நைனா அதை அமுக்கிப் பார்த்து, "நல்லா கீது" என்பார். அவர் என்னிடம் பேசுவதே அநேகமாக அவ்வளவுதான். அதற்காக நான் மண்ணை மாவு மாதிரிப் பிசைவேன்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் உள்ளே பாறை சரிந்தது. கூட்டாளி அங்கேயே போய்விட்டார். நைனாவை மறுநாள் மத்தியானம்தான் மேலே கொண்டுவந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவ்வளவு நேரமும் செத்தவரின் பக்கத்தில் இருட்டில் இருந்திருக்கிறார். லைன் முழுக்க வந்து பார்த்தது. நைனாவின் கேங்கை நடத்தும் மேஸ்திரி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மூன்று நாள் படுத்துக்கொள், நாலாம் நாள் வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் ஷிப்டுச் சங்கு ஊதியது. நைனா வர்த்தியையும் மண்ணையும் எடுத்துக்கொண்டு போனார். அரைமணியில் திரும்பி வந்துவிட்டார். மூலையில் உட்கார்ந்தார். கையில் நான் கொடுத்த மண் அப்படியே இருந்தது. ஐந்து விரலும் அதில் ஆழமாகப் பதிந்திருந்தன.

அன்று சாயங்காலம் அம்மா என்னைச் சாராயக் கடைக்கு அனுப்பினாள். அப்பனுக்காகப் பிள்ளைகள் அங்கே போய் நிற்பது லைனில் சாதாரணம். நான் மட்டும் அதற்கு முன் போனதில்லை. கடைக்காரர், "உங்க நைனாவும் கத்துக்கினாரா" என்று கேட்டுச் சிரித்தார். பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா அதை வீட்டின் பின்பக்கம் எடுத்துப் போய், நைனாவின் சட்டையில் தெளித்தாள். வாசல் தட்டியிலும் கொஞ்சம் தெளித்தாள். மிச்சத்தை மூடி உறிக்குள் வைத்தாள். செத்துப்போனவருக்காக ஏதோ செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாச் சாயங்காலங்களும் ஒரே மாதிரி. விளக்கேற்றும் நேரத்தில் அம்மா என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் அனுப்பிவிடுவாள். உறவு அத்தை இல்லை, கூப்பிடுகிற அத்தை. அவள் புருஷனை மாமா என்போம். அவர் நைனாவோடு ஒரே கேஜில் இறங்குகிறவர். நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து தம் தம்மென்று அடி விழும் சத்தம் கேட்கும். அம்மா ஐயோ என்று அலறுவாள். ஓடப் பார்ப்பேன். அத்தை என் பாவாடையைப் பிடித்து உட்கார வைப்பாள்.

"உக்காருடி. ஆம்பள கீற ஊடுன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்பாள். சொல்லிவிட்டுக் களியை உருட்டி என் கையில் கொடுப்பாள்.

அந்த இரண்டு மாதமும் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏரிக்கும் வீட்டுக்கும் கிணற்றுக்கும் யார்டுக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன். யார்டில் அம்மா சுமை இறக்குகிறாளா என்று எட்டிப் பார்ப்பேன். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டுக்கு ஓடி, நைனா எழுந்துவிட்டாரா என்று பார்ப்பேன். எங்கள் ஷாப்டின் சங்கு ஒரு மாதிரி, நந்திதுர்க் சுரங்கத்துச் சங்கு ஒரு மாதிரி. எது ஊதினாலும் தூக்கிப் போடும். நைனாவை வெறுத்தேன். ஆனாலும் தினம் மண் பிசைந்தேன். அவர் எடுத்துப் போகாத உருண்டைகள் வீட்டின் பின்னால் வரிசையாகக் காய்ந்து வெடித்துக் கிடந்தன.

வேடிக்கை என்னவென்றால், அம்மாவுக்கு அப்போதுதான் லைனில் மரியாதை கூடியது. கிணற்றடியில் முதல் குடம் அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மஞ்சள் அரைத்துக் கொடுத்தார்கள். அவள் கண்ணுக்குக் கீழே ஊதாவாக ஒரு கன்றல் இருக்கும், இன்னொரு நாள் முழங்கையில் இருக்கும். எல்லோரும் தங்கள் கன்றல்களையும் காட்டிப் பேசிக்கொண்டார்கள். மேஸ்திரி இரண்டு முறை வாசலில் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார். கூட்டாளியைப் பறிகொடுத்தவன் கொஞ்ச நாள் குடிக்கத்தான் செய்வான், தெளிந்ததும் அனுப்பு என்று சிரித்துக்கொண்டே போனார். கேங்கில் பாதிப் பேர் அப்படிக் குடித்துக் கொஞ்ச நாள் வராமல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான். அவர்கள் பெயரை யாரும் கணக்கிலிருந்து அடித்ததில்லை.

இன்னொரு வகை ஆளும் உண்டு. கேஜில் ஏற மாட்டேன் என்று சொன்னவன். அவன் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், அவன் பயம் பாறையைக் கீழே இழுத்துவிடும் என்பார்கள். அவன் வீட்டுத் தட்டியில் விடிகாலையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் தொங்கும். யார் கட்டியது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மத்தியானத்துக்குள் அந்தக் குடும்பம் சட்டி பானையோடு கிளம்பிவிடும், கம்பெனி வீடு வேலையில் இருக்கிற ஆம்பளைக்குத்தான் என்பதால். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எட்டு வயதில் எனக்குத் தெரியாது.

அது நாவல்பழக் காலம். யார்டிலிருந்து வரும் வழியில் அம்மா மடி நிறையப் பழம் பொறுக்கி வருவாள். எனக்கு நாலைந்துதான் கிடைக்கும். மிச்சத்தைச் சட்டியில் மூடி வைத்துவிடுவாள். கேட்டால் முறைப்பாள். இவ்வளவு பழத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாள் என்று ஆத்திரமாக இருக்கும்.

ஒரு சாயங்காலம் அத்தை வீட்டிலிருந்து நழுவினேன். மண் உருண்டைக்கு ஈரத்துணி போட மறந்துவிட்டேன், அது காய்ந்துவிடும் என்ற கவலை. பின்பக்கம் போனபோது உள்ளே அடி விழத் தொடங்கியது. தட்டியில் மண் உதிர்ந்த ஓட்டை ஒன்று இருந்தது. கண்ணை வைத்தேன்.

அம்மா களி கிண்டும் துடுப்பால் கேழ்வரகு மூட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தானியம் சரசரவென்று அசைந்தது. நாலு அடி, ஒரு அலறல். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நைனா மூலையில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அடி நிற்கும்போது இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"கேஜ்ல எல்லாரும் சிரிச்சிக்கினேதான் எறங்குவாங்க" என்றார் நைனா. "தோளோட தோள் ஒட்டிக்கினு நிப்போம். அத்தினி பேருக்கும் ஒடம்பு நடுங்கறது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் இப்ப சிரிப்பு வரல. கால் எடுத்து வெக்க முடியல."

"மழ புடிச்சதும் பாய்லருக்கு ஆளு எடுக்கறாங்க. கேட்டு வெச்சிக்கீறேன். அது வரிக்கும் நீ குடிகாரனாவே இருயா. குடிகாரன யாரும் ஊட்ட உட்டு தொரத்த மாட்டாங்க."

சொல்லிவிட்டு அம்மா சட்டியிலிருந்து ஒரு நாவல்பழத்தை எடுத்தாள். விரலால் நசுக்கிக் கண்ணுக்குக் கீழே தேய்த்துக்கொண்டாள். நைனா விளக்கை அவள் முகத்துப் பக்கம் நகர்த்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்.

எல்லாவற்றையும் கேட்டேன், பார்த்தேன். ஆனால் எனக்குள் ஒன்றுதான் இறங்கியது. நைனா குடிக்கவில்லை, நைனா அடிக்கவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் அவள் கொடுத்த களியை ஒரே வாயில் விழுங்கினேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. மூன்று நாள் அப்படியே அலைந்தேன்.

இங்கே மறுபடி எழுந்து போனேன். தண்ணீர் குடித்தேன். தெருவில் ஒரு பையன் அழுகிறான், இன்னொருவன் "பொட்டச்சி மாதிரி அழுவாத" என்கிறான். அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூரை வேய்ந்த வேதக்கோயிலில் ஆராதனை. அங்கே பிரசங்கம் செய்யும் நம் உபதேசியார் குடியை ஒழிப்பதில் மிகவும் மும்முரமானவர். நல்லவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று பிரசங்கத்தின் நடுவில் நைனாவை முன்னால் வரச் சொன்னார். நைனா போய் முழங்கால் போட்டார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். குடித்தாயா என்று உபதேசியார் கேட்டார். "குடிச்சேன் ஐயா" என்றார் நைனா. சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறாயா என்றார். "கேக்கறேன் ஐயா." அடித்ததைப் பற்றி உபதேசியார் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துத்தான் அது எனக்கு உறைக்கிறது.

செய்யாத பாவத்துக்காக என் நைனா சாணத்தரையில் முழங்கால் போட்டிருந்தார். குடிதான் பாவங்களில் பெரியது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே உபதேசியார்தான். அதிலிருந்து நைனாவை விடுவிக்க என்னிடம் ஒரு உண்மை இருந்தது. எழுந்து நின்றேன். பின்னால் அம்மாவின் கை என் பாவாடையைத் தேடியது. அவளுக்கு எட்டவில்லை.

"எங்க நைனா குடிக்கல. எங்க அம்மாவ அடிக்கவும் இல்ல. நைனாவுக்கு கேஜ்ல எறங்க பயம். அதான்."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மாமாதான். அப்புறம் கூரை அதிர எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் கையை உயர்த்தினார், இறக்கினார். குடிக்கு அவரிடம் ஜெபம் இருந்தது, பயத்துக்கு இல்லை. பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். நைனா பாட்டு முடியும்வரை முழங்காலிலேயே இருந்தார். எழுந்திருக்கச் சொல்ல உபதேசியார் மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சத்தம் கேட்கவில்லை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விடியும்போது நான்தான் முதலில் எழுந்தேன். மண் எடுக்கப் போக வேண்டும். தட்டியைத் திறந்தால், சிவப்பு நூலில் கோத்த பச்சைக் கண்ணாடி வளையல்கள். பனி இறங்கி ஒவ்வொன்றும் பளபளத்தது. கண்ணாடி வளையலே நான் அதுவரை போட்டதில்லை. நேற்று உண்மை சொன்னதற்கு யாரோ எனக்குக் கொடுத்த பரிசு என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நினைத்தேன். நூலை அவிழ்த்து ஆறை இந்தக் கையிலும் ஆறை அந்தக் கையிலும் போட்டேன். பெரிய ஆளின் அளவு, முழங்கைவரை ஏறியது. கையைக் குலுக்கிக்கொண்டே உள்ளே ஓடி நைனாவின் முன்னால் நின்றேன்.

அவர் பார்த்தார். என் கையைப் பிடித்து ஒவ்வொரு வளையலாகத் திருப்பிப் பார்த்தார்.

"அழகா கீது பாப்பா" என்றார். பிறகு, "மண்ணு பெசஞ்சிட்டியா?" என்று கேட்டார்.

ஓடினேன். ஏரிக்கரைக்குப் போய்வர அவ்வளவு வேகமாக நான் எப்போதும் ஓடியதில்லை. நைனா கேட்டுவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று வளையல் குலுங்கக் குலுங்க ஓடினேன். திரும்பி வரும்போது அம்மா குடத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நைனாவிடம் போய், ஊருக்கே போய்விடலாம், பஞ்சமானாலும் பரவாயில்லை, கிளம்பு என்று கெஞ்சினாள். பாய்லரில் இனி எடுப்பார்களா என்று நைனா கேட்டார். வளையல் தொங்கிய வீட்டு ஆளை யார் எடுப்பார்கள்?

நைனா உறியிலிருந்து பாட்டிலை இறக்கினார். சட்டையில் தெளித்து மிஞ்சியது பாதி பாட்டில் இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளை போல, முழுவதையும் குடித்தார். இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கொடுத்த மண்ணை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சங்கு ஊதியது. போய்விட்டார்.

நான் தட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஷிப்டு முடிந்து ஆட்கள் வந்தார்கள். நடுவில் நைனாவும் வந்தார், சிரித்துக்கொண்டு. மாமா அவர் தோளில் கை போட்டிருந்தார். மேஸ்திரி அவரே வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "உன் வாயாலதாண்டி உங்க நைனா ஆம்பளயானாரு" என்றாள். லைன் முழுக்க அதையே சொன்னது. எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நைனா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இறங்கினார். ஒரு ஷிப்டு தவறவில்லை. ஒரு ஷிப்டுக்கும் குடிக்காமல் போகவில்லை. கல்தூசு நெஞ்சில் இறங்கி இருமி இருமிப் போனார். அவர் சவப்பெட்டியைத் தூக்க ஆண்கள் போட்டி போட்டார்கள். சிங்கம் மாதிரி மனுஷன் என்றார்கள். போன மாதம் நீங்கள் சிலர் சொன்னீர்களே, அந்தக் காலத்து ஆம்பளை, அவரும் அதில் ஒருவர்தான்.

வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்துத் தீர்த்தேன், விளையாட்டில். மண் உருண்டைகள் மழையில் கரைந்தன. ஆனால் நான் சொல்ல வந்தது நைனா மறுபடி இறங்கிய முதல் வாரத்து ஒரு சாயங்காலம்.

மழை பிடித்துவிட்டது. அம்மா என்னை அத்தை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. நைனா தள்ளாடி வந்த விதத்தைப் பார்த்து நானே போனேன். கொஞ்ச நேரத்தில் தம் தம்மென்று சத்தம் கேட்டது. அம்மா அலறினாள், முன்பு அலறியதைவிட மெதுவாக. அத்தை களி உருட்டிக்கொண்டே, ஆம்பள கீற ஊடு என்று அதே வார்த்தையைச் சொன்னாள். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். அடி விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. கேழ்வரகு அசையும் சத்தம் மட்டும் வரவில்லை.

காலையில் அம்மா பின்பக்கம் முகம் கழுவ உட்கார்ந்தாள். நான் செம்பில் மொண்டு ஊற்றினேன். கண்ணுக்குக் கீழே ஊதாவாக இருந்தது. தேய்த்தாள், போகவில்லை. நாவல்பழக் காலம் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு செம்பு மொண்டு ஊற்றினேன்.